காலியாகக் கிடந்த கட்டம்

நடந்ததை எங்கே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். லாட்ஜில் துணி வெளுக்கிறேன்.

ஒருநாள் அங்கே பன்னிரண்டு போர்வைகளைக் காணவில்லை. முதலாளியம்மா முன்னால் மேனேஜர் சபாநாயகம் என்னைக் கைகாட்டினார். அந்த மாதம் வெளுக்க வந்த துணிகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அச்செடுத்து என் முன்னால் போட்டார். நானூறு வரி இருந்தது.

"பவுனம்மா, நீ தொலைக்கலைன்னா காட்டு. மாடிக்கு ஒரு வரிசை, துணிவகைக்கு ஒரு பத்தி. கூட்டி எழுது. அதிகமா துணி போட்ட மாடி மேலே இருக்கணும். மத்தியானத்துக்குள்ள முடியலைன்னா வேலை கிடையாது."

நான் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியலை வரிவரியாக வெட்டினேன். இஸ்திரி மேசையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். ஒரே மாடி, ஒரே துணி என்றால் ஒரே குவியல். ஒவ்வொரு குவியலையும் கூட்டி எண்ணை எழுதினேன். இரண்டாம் மாடி மேலே ஏறியது.

"முடிஞ்சுதா?" என்று சபாநாயகம் இளித்தார்.

"ஒரு சந்தேகம் சார். நாலாம் மாடி போர்வைக் கட்டத்துக்கு ஒரு வரிகூட வரலை. ஒன்னுமே இல்லாததை எங்கே வைக்கட்டும்?"

முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். "புதுசா வாங்கின பன்னிரண்டும் அந்த மாடிக்குத்தானே? வெளுக்கவே வராததை இவ எப்படித் தொலைப்பா? அந்த மாடி ஸ்டோர் ரூம் சாவி எங்கே, சபாநாயகம்?"

நாலாம் மாடி ஸ்டோர் ரூம் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. போர்வைகளும் அங்கேதான் இருந்தன, அவர் ஊருக்கு அனுப்பக் கட்டிய மூட்டையில்.

அன்றிலிருந்து, வராத துணிக்கும் 'பூஜ்யம்' என்று ஒரு வரி எழுதி, முதலாளியம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.