அதே அளவு

“ஜெபசிங்கை வெளியே அனுப்புங்க, மேடம். இல்லைன்னா நான் போறேன்.”

வேலவேந்தன் கதவைக்கூடத் தட்டவில்லை. உள்ளே வந்ததும் இதைத்தான் சொன்னான்.

மூளை கையை எப்படி ஆட்டுவிக்கிறது என்று ஆராயும் கூடம் அது. பத்மாசனி மேடம்தான் தலைவர். அவரிடம் படித்து, அவரிடமே வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த இருவரும்.

“என்ன செஞ்சார்?”

“நான் ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொல்றான். வேணும்னே.”

“நீங்க?”

“வாங்கினதைத் திருப்பிக் குடுப்பேன். எள்ளளவும் கூட வைக்க மாட்டேன்.”

மேடம் ஜெபசிங்கைக் கூப்பிட்டார். விரல் அழுத்தத்தை அளக்கும் கருவியை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“ஒருத்தர் விரலை ஒருத்தர் அழுத்துங்க. வாங்கின அளவே திருப்பிக் குடுக்கணும்.”

வேலவேந்தனுக்குச் சுருக்கென்றது. இது அவனுடைய சோதனை. ஊர்ப்பட்ட பேரை உட்காரவைத்துச் செய்தவன் அவன்தான். எல்லாருமே கூட்டிக் கூட்டித்தான் அழுத்துவார்கள். தன் கை அழுத்துவதை மூளை குறைத்துக் காட்டும். அடுத்தவன் கை என்றால் முழுசாகக் காட்டும். அதை எழுதித்தான் டாக்டர் பட்டமே வாங்கினான்.

இப்போது எதற்கு இதை எடுக்கிறார்? மேடமும் ஜெபசிங்கும் கூட்டா?

“இது எனக்குத் தெரிஞ்சதுதான், மேடம். நான் மாட்ட மாட்டேன்.”

“அப்ப நல்லது.”

மேடம் கருவியின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெபசிங் அழுத்தினான். பூ வைத்த மாதிரி இருந்தது. வேலவேந்தன் உஷாராகக் குறைத்தே அழுத்தினான்.

“யோவ், மெதுவா!”

நடிக்கிறான் பாவி.

அடுத்த முறை ஜெபசிங் அழுத்தியது நறுக்கென்றிருந்தது. அதற்கு அடுத்தது வலித்தது. வேலவேந்தனும் விடவில்லை. அளவாகத்தான் கொடுத்தான். அளவாகத்தான். நகம் வெளுத்துப்போனது.

“மேடம், இவன் ஏமாத்துறான்!”

“நானா? நீதான்யா என் விரலை ஒடிக்கப் பாத்த!”

மேடம் திரையைத் திருப்பினார்.

படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனது கோடு. ஜெபசிங் ஒரு படி. அதற்கு மேலே வேலவேந்தன் ஒரு படி. முதல் அழுத்தத்திலிருந்தே அப்படித்தான்.

“மெஷின்ல ஏதோ கோளாறு.”

“இருக்கலாம். யார் செஞ்ச மெஷின்?”

அவன் செய்ததுதான்.

“சரி, யாரை அனுப்பட்டும்?”

வேலவேந்தன் திரையைப் பார்த்தான். பிறகு ஜெபசிங்கின் விரலைப் பார்த்தான். கன்றிச் சிவந்திருந்தது.

“வலிக்குதா?”

ஜெபசிங் விரலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“எதுக்குக் கேக்குற?”