தட்டில் வைத்த ஏழு வராகன்

நெய்தலூரை ஆண்ட செம்பியவேள் ராஜா நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவார். அவர் சபையில் அம்பலத்தாடி என்றொரு வாய்க்காரன் இருந்தான். வாயால் பிழைத்தவன், வாயாலேயே பகையும் சம்பாதித்துக்கொண்டான். அந்தப் பகையில் முதல் ஆள் பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர். கஞ்ச மகாப்பிரபு. அப்பேர்ப்பட்டவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பத்து நாள் சோறு போட்டார் என்றால் சும்மா போட்டிருப்பாரா?

சோறு தின்றவரை ஒரு நாள் சபைக்கே அழைத்து வந்து நிறுத்தினார். தொந்தியும் தொப்பியுமாக ஒரு வெளிநாட்டுக்காரர்.

"அரசே, இவர் பெயர் மெராங். சம்பகத் தீவில் விடுதி நடத்துகிறார். பத்து நாளாக என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். நம் தூதர் ஒருவர் இவர் விடுதியில் ஏழு நாள் தங்கித் தின்றுவிட்டு, காசு கொடுக்காமல் கம்பி நீட்டிவிட்டாராம்."

சபையே அம்பலத்தாடியைத் திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷத்துக்கு முன் தீவு அரசரின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோனவன் அவன்தான்.

"அபாண்டம், அரசே" என்றான் அம்பலத்தாடி. "புறப்படும்போது வெற்றிலைத் தட்டில் ஏழு வராகன் வைத்துவிட்டுத்தான் வந்தேன். சாப்பாடு போட்டவர் முகத்தைப் பார்த்து 'எவ்வளவு ஆச்சு' என்று கேட்பது நம் ஊரில் மரியாதையா? தட்டில் வைப்போம். நாம் தெருமுனை திரும்பியதும் அவர் எடுத்துக்கொள்வார்."

மெராங் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கள் ஊரில் தட்டில் வைத்தால் அது வேலைக்காரனுக்கு இனாம். வாடகையை முதலாளி கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். என் ஆள் அந்தப் பணத்தில் ஒரு படகு வாங்கிக்கொண்டு வேலையை விட்டே போய்விட்டான். எனக்கு ஆளும் போச்சு, வாடகையும் போச்சு."

"ஏழு வராகன்தானே? கொடுத்து அனுப்புங்கள்" என்றார் அரசர்.

"ஏழு இல்லை, அரசே. ஆயிரத்துக்கு மேல்" என்றார் திருமேனிநாதர், குழைந்த குரலில். "வாடகையைக் கையில் கொடுக்காத விருந்தாளி விடுதியை விட்டுப் போகவே இல்லை என்றுதான் கணக்கு. தீவின் சட்டம் அப்படி. ஆகவே மூன்று வருஷ வாடகை. நம் கப்பல்கள் அந்தத் துறைமுகத்தில் நிற்கின்றன. அவர்கள் சட்டத்தை மதிப்போம் என்று தாங்களே முத்திரை குத்தியிருக்கிறீர்கள். பொக்கிஷத்தில் அவ்வளவு பணம் ஏது? அம்பலத்தாடி வீட்டை விற்றுக் கொடுக்கட்டும். குறைந்தால் இவரோடு போய்ப் பாத்திரம் கழுவட்டும்."

முத்திரை குத்தியது உண்மை. அரசரின் முகம் சிவந்தது. "சட்டம் சட்டம்தான். என்ன சொல்கிறாய், அம்பலத்தாடி?"

அம்பலத்தாடிக்குத் தன் வீடு கண்முன் வந்து நின்றது. போன தை மாதம்தான் அந்த வீட்டுக்கு ஓடு போட்டிருந்தான். அவன் மனைவி எதிர்வீட்டுக்குப் போய் நின்று அந்தக் கூரையைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பாள். இந்தச் செய்தியோடு அவள் முன்னால் போய் நிற்பதைவிடப் பாத்திரம் கழுவுவதே தேவலை என்று நினைத்தான். நிமிர்ந்து மெராங்கைப் பார்த்தான். அவர் தொந்தியையும் பார்த்தான். பயம் கொஞ்சம் தணிந்தது.

"கட்டுப்படுகிறேன், அரசே. மெராங் ஐயா, வாடகையில் சாப்பாடு சேர்த்தியா?"

"இரண்டு வேளை."

"மூன்று வருஷமாக உங்கள் விடுதியில் இருக்கிறேன். ஒரு வேளையாவது எனக்கு இலை போட்டீர்களா?"

"நீங்கள்தான் அங்கே இல்லையே?"

"இல்லையென்றால் போய்விட்டேன் என்றுதானே அர்த்தம்?"

திருமேனிநாதர் குறுக்கே பாய்ந்தார். "தின்பதும் தின்னாததும் உன் இஷ்டம். அறைக்கு வாடகை உண்டு."

"சரி, அறை என்னுடையது. மூன்று வருஷமும் அது பூட்டியே கிடந்ததா, மெராங் ஐயா?"

மெராங்குக்குப் பெருமை பொங்கிவிட்டது. "என் விடுதியில் ஓர் அறைகூட ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை."

"அப்படியானால் என் அறையில் படுத்தவர்கள் கொடுத்ததெல்லாம் என் பணம். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷ வாடகை நேராகிவிட்டது. நான் தங்கிய ஏழு நாள்தான் பாக்கி."

மெராங் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நியாயம்தான். ஏழு கிடைத்தால் சட்டத்தை விட்டுவிடுகிறேன்."

"விடக்கூடாது" என்று கத்தினார் திருமேனிநாதர். "சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. கையில் கொடுக்காதவன் போகாதவன்."

அம்பலத்தாடி இதற்குத்தான் காத்திருந்தான். "மாற வேண்டாம். மெராங் ஐயா, இவர் வீட்டில் பத்து நாள் தங்கினீர்களே, வாடகையை இவர் கையில் கொடுத்தீர்களா?"

"விருந்தாளியிடம் காசு வாங்குவதா? நான் என்ன அவ்வளவு கேவலமானவனா?" என்று மார்தட்டினார் திருமேனிநாதர். அரசர் முன்னால் வேறு எப்படிச் சொல்வார்?

"கேட்டீர்களா, அரசே? நம் வழக்கப்படி இவர் வாங்க மாட்டார். தீவுச் சட்டப்படி, கொடுக்காதவர் போக மாட்டார். இனி மெராங் ஐயாவுக்கு ஆயுசு முழுக்கப் பொக்கிஷ அதிகாரி வீட்டில்தான் சாப்பாடு."

மெராங்கின் முகம் மலர்ந்தது. "எனக்குச் சம்மதம். விடுதியை மகன் பார்த்துக்கொள்வான். இவர் வீட்டு வற்றல் குழம்பு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இட்லியும் காலையில் இருபதுக்குக் குறையாமல் இறங்குகிறது."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "அம்பலத்தாடிக்கு நூறு வராகன் கொடுங்கள்" என்றார். திருமேனிநாதர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் மனம் இட்லியை எண்ணிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஏழாயிரம்.

"அரசே, அந்த ஏழு வராகனை நானே தந்துவிடுகிறேன். இந்தச் சட்டமே வேண்டாம். இவரை இன்றைக்கே கப்பலேற்றிவிடுங்கள்" என்று மடியை அவிழ்த்தார். ஒவ்வொன்றாக ஏழு வராகனை எண்ணி, அரசர் பக்கத்தில் சேவகன் ஏந்தி நின்ற வெற்றிலைத் தட்டில் வைக்கப் போனார்.

அம்பலத்தாடி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தட்டில் வேண்டாம், ஐயா. அவர் கையில் கொடுங்கள். இந்தச் சேவகன் அப்போதிருந்தே என்னிடம் படகு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்."