கரும்பு கேட்ட வெள்ளைப் போர்வை

அந்தக் காலத்தில் புல் பூண்டுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்த இடத்தில் வயிற்றெரிச்சலுக்கும் குறைவில்லை. கொள்ளிடக் கரையில் நாணலும் கரும்பும் அக்காள் தங்கையாகப் பிறந்தார்கள். அக்காள் நாணல் ஆற்று மணலிலேயே தங்கிவிட்டாள். தங்கை கரும்பை ஆண்டியப்பனும் அவன் மனைவி பவுனாயியும் தங்கள் வயலுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் பாய்ச்சி, காய்ந்த சோகையை உரித்து, செல்லமாக வளர்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் இனிப்பு. பொங்கலன்று வாசலில் நிற்கும் உரிமையும் அவளுக்குத்தான்.

போதாதா? போதவில்லை.

குளிர் தொடங்கியதும் நாணல் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொள்வாள். ஒரு நாள் காலை தண்ணீருக்குப் போன பவுனாயி, குடத்தை இடுப்பில் வைத்தபடி அவளையே பார்த்து நின்றுவிட்டாள்.

"இந்தப் பனியில வெள்ளை உடுத்திக்கிட்டு என்ன அழகா நிக்கிறா பாருங்க," என்றாள், வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கணவனிடம்.

வயலில் நின்ற கரும்பின் காதில் அது விழுந்தது. தன்னைத் தொட்டுத் தொட்டு வளர்த்தவள், ஒன்றுக்கும் உதவாத அக்காளைப் பார்த்து வாய் பிளந்ததை அவளால் தாங்க முடியவில்லை. தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டாள். நாணலுக்குப் போர்வை நெய்து கொடுத்தது அந்தக் குருவிதான்.

"எனக்கும் ஒண்ணு வேணும். அவளோடதைவிடப் பெரிசா வேணும்."

"நூலை உன் உடம்புல இருந்துதான் எடுக்கணும், தங்கச்சி. உங்க அக்காகிட்ட இழக்க ஒண்ணுமில்ல. நீ இனிப்பையில்ல இழக்கணும்."

"வெட்டினாலே மறுபடி துளிர்க்கிறவ நான். இனிப்பு மட்டும் ஊறாதா? நீ நெய்."

குருவி நெய்தது. ஓர் இழை கூடினால் உள்ளே ஒரு கணு வறண்டது. மார்கழி முடிவதற்குள் கரும்பின் தலையில் வெள்ளைப் போர்வை ஆடியது.

"இப்ப யாரு அழகு, அக்கா?" என்று ஆற்றங்கரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நீதான்," என்றாள் நாணல். அவள் கொஞ்சமும் பொறாமைப்படாததில் கரும்புக்கு ஏமாற்றம்தான்.

பொங்கலுக்கு முதல் நாள் பவுனாயி கணவனோடு வயலுக்கு வந்தாள். போர்வையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் ஏங்கியதற்கு அந்த ஒரு பார்வை போதும் என்றிருந்தது கரும்புக்கு. பிறகு பவுனாயி ஒரு கழியை ஒடித்து, பல்லால் உரித்து, மென்று பார்த்துத் துப்பினாள்.

"வெறும் சக்கைங்க," என்றாள். ஒரு வருஷப் பாடு வீணானதில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"போர்வையை எடுத்துக்க, குருவி. இனிப்பைக் குடுத்துடு," என்று கரும்பு கெஞ்சினாள். நெய்த இழை திரும்ப இனிப்பாகவில்லை.

மறுநாள் பவுனாயி வாசலில் பக்கத்து வயல் கரும்பு நின்றது. அவள் வளர்த்த கரும்பு பொங்கல் பானைக்கு அடியில் எரிந்தது.

அந்தப் பொங்கலிலிருந்துதான், குளிர் மாதங்களில் நாணல் மட்டும் நிம்மதியாக வெள்ளை உடுத்தி நிற்கிறது. கரும்பு அந்தப் போர்வையைப் போர்த்தினால், அதாவது பூத்தால், சக்கையாகிவிடுகிறது. அதற்குப் போர்வை ஆசை வரும் முன்பே உழவர்கள் அரிவாளோடு வயலில் இறங்கிவிடுகிறார்கள்.