ஆதவ் தூங்காத இரவு

“அந்த ஒரு நாளை எடுத்துடலாமேக்கா,” என்றான் இசக்கிராஜ்.

லடாக்கில் ஒரு சிகரம். ஆறாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரோசலின் அக்கா ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஆட்களை அழைத்துப் போவார். இந்த முறை இரண்டே பேர். இசக்கிராஜ், ஆதவ். இருவருக்கும் ஒரே அலுவலகம். ஓராண்டாக இருவருக்கும் அக்காவிடம்தான் பயிற்சி.

“எந்த நாளை?” என்று கேட்டார் அக்கா.

“மேல் முகாம் வரைக்கும் ஏறிட்டு, திரும்பக் கீழ வந்து தூங்குறோமே, அந்த நாளை. ஏறினதை எதுக்கு இறங்கணும்?”

“உடம்பு பழக வேண்டாமா? உனக்கு எத்தனை நாள் லீவு?”

“ஆதவுக்கு ரெண்டு வாரம் குடுத்துட்டாங்க. கேட்ட உடனே.”

“நான் உன் லீவைக் கேட்டேன்.”

“பத்து நாள்.”

இசக்கிராஜ் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். லீவு கேட்க மேலாளரின் அறை வாசலில் நின்றபோது, வேலையே போய்விடுமோ என்று பயந்தான். ஆதவ் வாட்ஸ்அப்பில் கேட்டான். கிடைத்துவிட்டது.

ஆதவின் அப்பாவும் மலை ஏறியவர். ஆதவின் பூட்ஸ் சொந்தமாக வாங்கியது. இசக்கிராஜின் பூட்ஸ் வாடகைக்கு எடுத்தது.

அக்கா திட்டத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார்.

“இறங்கித் தூங்குற நாள் இருக்கட்டும். கடைசியில சும்மா காத்திருக்க ஒரு நாள் வச்சிருந்தேன். அதை எடுத்துட்டேன்.”

“அதனால?”

“ஒரே ஒரு முயற்சிதான். அன்னைக்கு யாருக்காவது தலை வலிச்சா, அவங்க நம்ம சமையல்காரர் நம்க்யாலோட இறங்கிடணும். சரியாகட்டும்னு உட்கார்ந்திருக்க முடியாது. மீறி ஏறினா உயிருக்கே ஆபத்து. சம்மதமா?”

“ஆதவ் என்ன சொன்னான்?”

அக்கா பேனாவை மூடினார்.

“சம்மதம்க்கா,” என்றான் இசக்கிராஜ்.

*

மலையில் அக்கா சொன்னது மூன்றே விஷயம். மெதுவாக நட. நிறையத் தண்ணீர் குடி. எது வலித்தாலும் சொல்.

ஆதவ் மூன்றையும் செய்தான். இரண்டாம் நாள் மதியம் தலை வலிக்கிறது என்று சொல்லி, எல்லோரும் பார்க்க ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வெட்கமே இல்லை.

மற்ற நேரம் குடித்துக்கொண்டே நடந்தான். அடிக்கடி பாறை மறைவுக்குப் போனான்.

“மச்சி, நீ தண்ணியே குடிக்க மாட்டேங்குறே.”

“நீ குடி. உனக்குத்தான் அடிக்கடி அவசரம்.”

“நம்ம உடம்பு தண்ணி லாரி மாதிரிடா. போற வழியெல்லாம் ஒழுகும்.”

நம்க்யாலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆதவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இசக்கிராஜின் முகத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

ஆதவ் மறைவுக்குப் போகும்போதெல்லாம் இசக்கிராஜுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதில் மட்டுமாவது நான் உறுதி என்று நினைத்தான். அந்த உறுதியைக் காப்பாற்றத் தண்ணீரை இன்னும் குறைத்தான்.

மேல் முகாம் வரை ஏறி இறங்கிய நாளில் இசக்கிராஜ் பின்தங்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆதவ் நின்று காத்திருந்தான். விட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“பூட்ஸ் லூஸா இருக்கா?” என்று கேட்டான் ஆதவ்.

“இல்ல.”

ஆதவ் பையிலிருந்து கனமான சாக்ஸ் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தான். போட்டுக்கொண்டதும் பூட்ஸ் கச்சிதமாக நின்றது.

அதற்காகவும் அவனைப் பிடிக்கவில்லை.

*

மேல் முகாமில் ஓர் இரவு கழிந்தது. அடுத்த இரவே சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

காலையில் அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆதவ் போய்ப் பேசிவிட்டு வந்தான். இசக்கிராஜ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போய் அக்காவின் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

“தலைவலி?”

“இல்லக்கா.”

“சாப்பிட்டியா?”

“ஆதவ் பாதியை அப்படியே வச்சுட்டான்.”

“நீ?”

“நான் சாப்பிட்டேன்.”

“ராத்திரி தூக்கம்?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.”

அக்கா தலையசைத்தார்.

“சரி. ஆதவ் எப்படி இருக்கான்? ஒரே கூடாரத்துலதானே படுத்தீங்க.”

இசக்கிராஜ் கல்லின் நுனிக்கு நகர்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவன் தூங்கவே இல்லக்கா. படுத்த கொஞ்ச நேரத்துலயே எழுந்து தண்ணி குடிச்சான். வெளியே போனான். வந்து படுத்தா மூச்சு சரியில்ல. நாலு மூச்சு வேகமா வருது. அப்புறம் ஒண்ணுமே இல்ல. நின்னே போச்சோன்னு பார்த்தா திரும்ப வருது. மறுபடி ரெண்டு தடவை எழுந்து போனான். நிலா மறைஞ்சப்புறம் ஒரு தடவை. விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை. மொத்தம் அஞ்சு.”

“அஞ்சா?”

“அஞ்சு. எண்ணினேன்.”

“ரொம்ப நல்லது,” என்றார் அக்கா.

இசக்கிராஜுக்குப் புரியவில்லை.

“அந்த மூச்சு இந்த உயரத்துல எல்லாருக்கும் வர்றதுதான். குடிக்கிற தண்ணி வெளியே போகுதுன்னா உடம்பு மலைக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். நீ எத்தனை தடவை போனே?”

ஒரு தடவைகூட இல்லை என்று பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தான்.

“அவன் அஞ்சு தடவை போனது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா. “நீதான் தூங்கிட்டியே.”

காற்று கூடாரத் துணியை அடித்துக்கொண்டிருந்தது. அதன் வாசலில் ஆதவ், கயிறு மாட்டும் இடுப்புப் பட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டு இசக்கிராஜின் பட்டையை எடுத்தான். கொக்கியை இழுத்துப் பார்த்தான். திருப்தி இல்லாமல் இன்னொரு முறை இழுத்தான்.

அக்காவுக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

“எனக்குத் தலை வலிக்குதுக்கா,” என்றான் இசக்கிராஜ்.

“எப்போலேர்ந்து?”

தன் வலி எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தான்.

ஆதவுக்கு வலித்தது இரண்டாம் நாள் மதியம். நெற்றியில், இடது பக்கம். சாயங்காலம் டீ குடித்ததும் விட்டுவிட்டது.

அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.