வெள்ளிக்கிழமை வரும் கம்மல்

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தபோது மதியப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடச் சொன்னார்கள். காதில் வாங்காமல் நேரே சாமியிடம் போய் உட்கார்ந்தார்.

சொந்த லாரி ஓட்டியவர். இருபது வருஷமாகச் சாமியிடம் பாடம் கேட்பவர். மனைவி கோமதிக்கு மறதி நோய் வந்தது. அவளைத் தனியே விட்டுப் போக முடியாமல் லாரியை விற்றார். பிறகு வயல் போனது. கடைசியில் அவள் காதில் கிடந்த கம்மலும் ஆஸ்பத்திரிக்கே போனது.

"தூங்கினியா?" என்றார் சாமி.

"எங்கே சாமி. ராத்திரி பூரா கதவைத் திறந்துக்கிட்டு ஓடுதா. அம்மா வீட்டுக்குப் போணுமாம். அந்த அம்மா செத்தே முப்பது வருஷமாச்சு."

ஆவுடையப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்தில கூட்டம் நெரியும். டிக்கெட் எடுத்திருக்கேன். போக ரெண்டு."

"வர?"

"ஒண்ணு."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "பொறுமையா இருன்னு எவ்வளவோ சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட இருந்தது தீர்ந்துபோச்சு சாமி. இனி எங்கே போய் வாங்க?"

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வா, உன் வீட்டுக்குப் போவோம்."

கோமதியை உள்ளே வைத்து, வீட்டை வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தார் ஆவுடையப்பன். திறந்ததும் சாமி சொன்னார்: "நீ உள்ளே போய்ப் படு. நான் இருக்கேன்."

படுத்ததுதான் தெரியும். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அடித்துப் பிடித்துக் கூடத்துக்கு ஓடி வந்தார். கோமதி காலை நீட்டி உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே சாமி. துண்டு கிழிந்திருந்தது. ஒரு மத்தியானத்தில் பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"அடிச்சாளா சாமி?"

"களவாணிச் சாமியார்னு பிடிச்சு இழுத்தா. கம்மல் எங்கேன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். உன் வைத்தியத்துக்கு வித்தாச்சும்மான்னேன்."

"ஐயையோ."

"அழுதா. கொஞ்ச நேரத்தில் மறந்தா. திரும்பக் கேட்டா. திரும்பச் சொன்னேன். அப்பதான் முதல்ல கேக்கிற மாதிரி அழுதா. அப்புறமும் கேட்டா."

சாமி ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"என்னால முடியலப்பா. நகைப் பத்தர்கிட்ட மெருகுக்குப் போயிருக்கு, வெள்ளிக்கிழமை வந்துரும்னுட்டேன்."

சாமி வாயில் பொய் வந்து ஆவுடையப்பன் கேட்டதில்லை. "நானும் அதைத்தானே சாமி சொல்லுதேன்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

கோமதி திரும்பினாள். "ஏ சாமியாரே, இன்னைக்கு என்ன கிழமை?"

அன்று வெள்ளிக்கிழமை.

"செவ்வாய்மா," என்றார் சாமி, ஆவுடையப்பனை முந்திக்கொண்டு.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ரயில்…"

"ரயில் என்னைக்கும் ஓடும். நாளைக்கு மத்தியானம் மடத்திலேருந்து, பந்தி பரிமாறுற பரமசிவம் வருவார். மறுநாள் நான் வாரேன். பரமசிவத்துக்கும் பொய் சொல்ல வராது. முன்னால உட்கார வச்சுச் சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுத்துட்டுப் போய்ப் படு."