பெயரின்மேல் ஒரு பின்னல்

"அம்மையே, இம்மூன்றில் எதனை நான் பச்சை குத்திக்கொள்வது?"

மாசிலாமணி மூன்று பழைய ரூபாய்த் தாள்களை மடத்துச் சமையற்கட்டின் வாசலில் பரப்பிவைத்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பழைய தாள்களைத் தேடிச் சேர்ப்பது அவருடைய நெடுநாள் வழக்கம்.

மடத்தின் தலைவி உமையாள் அம்மையார் மதியப் பந்திக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"என்னிடம் பாடம் கேட்க வேண்டும் என்றுதானே போன வாரம் வந்தீர்கள்? பச்சை எதற்கு, ஐயா?"

மாசிலாமணி சட்டைக் கையை மடித்து உயர்த்தினார். முன்கையில் 'மறைக்காடர்' என்ற பெயர் பச்சை எழுத்தில் இருந்தது.

"என் பழைய ஆசிரியர். பதினெட்டு ஆண்டுகள் அவரிடம் பாடம் கேட்டேன். இந்தப் பெயரோடு தங்கள் முன் அமர்வது முறையாகாது. இதனை மறைத்துவிட்டு வருகிறேன். அதன்பின் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

"அவர் இருக்கிறாரா?"

"இருக்கிறார். திருவிழாவில், அத்தனை பேர் நடுவில், 'பதிகத்தைப் பாடச் சொன்னேன். நீ உன்னையே பாடிவிட்டு வந்திருக்கிறாய்' என்றார். அன்று மேடையிலிருந்து இறங்கியவன்தான். திரும்பிப் போகவில்லை."

"நன்றாகப் பாடினீர்களோ?"

"மூன்று பொன்னாடை போர்த்தினார்கள்."

அம்மையார் தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்தார்.

"முதல் தாளில் உள்ள மயில் அழகாக இருக்கிறதே."

"அழகுதான், தாயே. ஆனால் தோகை போதவில்லை. கையில் வைத்து அளந்து பார்த்தேன். கடைசி எழுத்து வெளியே நிற்கிறது."

"ஆசிரியர் மயில் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார் என்கிறீர்கள்."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"இரண்டாவதில் உள்ள கப்பல்?"

"பாய்களில் வெற்றிடம் அதிகம். அதன் வழியே பழைய எழுத்து தெரியும் என்று பச்சை குத்துபவர் சொல்கிறார். அவர் தேர்ந்தது மூன்றாவதை."

மூன்றாவது தாளில் உருவம் எதுவும் இல்லை. நடுவில் ஓர் எண். அதன்மேலும் அதனைச் சுற்றியும் வட்டத்துக்குள் வட்டமாக நெருங்கி ஓடும் கோடுகள்.

"இதைக் குத்தினால் ஒரு புள்ளிகூட வெளியே தெரியாதாம். ஆயினும் வெறும் கோடுகளாக இருக்கின்றனவே என்று மனம் தயங்குகிறது. தாங்கள் சொன்னால் இன்றே போய்க் குத்திக்கொள்வேன்."

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பூதக்கண்ணாடி வைத்திருக்கிறீர்களா?"

அது எப்போதும் மாசிலாமணியின் பையில் இருக்கும். எடுத்துக் கொடுத்தார்.

அம்மையார் நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு நுணுக்கம்! ஒரு கோடு இன்னொன்றின்மேல் ஏறுகிறது, இறங்குகிறது, எங்கும் அறவில்லை. கண்ணுக்குத் தெரியாத இதற்கு ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்?"

மாசிலாமணியின் குரலில் முதன்முறையாக உற்சாகம் வந்தது.

"அழகுக்காக அன்று, தாயே. எண்ணின்மேலேயே கோடுகள் ஓடுகின்றன, பாருங்கள். எவனாவது எண்ணைச் சுரண்டி வேறு எண் எழுத நினைத்தால், கோடுகளும் சேர்ந்து அறுந்துபோகும். அறுந்ததை மறுபடி வரைய எந்தக் கொம்பனாலும் ஆகாது. எழுதியதை எழுதியபடியே காப்பதற்குத்தான் இந்தப் பின்னலே…"

அவர் நிறுத்தினார்.

அடுப்பில் உலை கொதித்தது.

அம்மையார் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியானால் இதுவே பொருத்தம். குத்திக்கொள்ளுங்கள், ஐயா."

மாசிலாமணி தன் கையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து உறையில் இட்டார். எழுந்தார்.

"சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்றார் அம்மையார்.

"ஆசிரியரிடத்தில் நான்கு மணிக்குப் பாடம் தொடங்கிவிடும், தாயே. நான் வருகிறேன்."