ஒன்றைத் தவிர வேறெதுவும் மாறாமல்

ஐந்தாவது குண்டும் போனது. சவரிமுத்து துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, படுத்த வாக்கிலேயே, "போய்ப் பாரும் வே" என்றார்.

மீரான் நோட்டுப் புத்தகத்தோடு ஓடினார். நூறு மீட்டர் தள்ளி, மண்மேட்டின் முன்னால் நட்டிருந்த இலக்கு அட்டையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து அட்டையில் வைத்தார். ஐந்து ஓட்டைகளும் அதனடியில் மறைந்தன.

"பொத்தானுக்குள்ள அடங்கிட்டு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

செவல்மேடு ரைபிள் கிளப்பில் நான்கே பேர். கடைத் தோட்டா தங்கள் துப்பாக்கிகளுக்கு ஒத்துவரவில்லை என்று, முறைப்படி அனுமதி வாங்கித் தாங்களே தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை உலகநாதனுடையது. அன்றைக்கு இரண்டு டப்பா கொண்டுவந்திருந்தார். சிவப்பு டப்பாத் தோட்டாக்களில் வெடிமருந்து கொஞ்சம் குறைவு, பச்சையில் கொஞ்சம் கூடுதல். சிவப்பின் ஐந்து குண்டுகளும் அட்டைக்கு அம்மை போட்டதுபோலச் சிதறியிருந்தன. பொத்தானுக்குள் அடங்கியது பச்சை.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. ஐம்பதுக்கு நாற்பது புள்ளியாவது யாராவது ஒருவர் எடுக்காவிட்டால் கிளப்பின் பெயரை நீக்கிவிடுவதாகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கிளப் போனால் சவரிமுத்துவின் லைசென்ஸும் போகும், துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியதுதான். அவர் பல் செட் கட்டுகிறவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்க்கிற தொழில். வேறு எதையாவது பார்க்கக் கிடைப்பது துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது மட்டும்தான்.

வேறு யாராக இருந்தாலும் பச்சையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் பயிற்சியாளர் வர்கீஸ் எழுதிக் கொடுத்த தாள் மீரானின் நோட்டில் ஒட்டியிருந்தது. மீரான் அதை உரக்கப் படித்தார்: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். மற்ற எதுவும் மாறக் கூடாது."

"மருந்த மட்டும்தான மாத்துனோம்?" என்றார் உலகநாதன்.

"அதான் இல்ல. சிவப்பு சுடும்போது தலைவருக்கு விக்கல் கிடையாது. பச்சைக்கு இருந்துது."

தலைவர் கோதண்டபாணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இப்பவும் இருக்கு" என்று விக்கினார்.

"பொறவு அந்த ஆடு."

எல்லோரும் திரும்பினார்கள். இடதுபக்கம் உடைமரத்தடியில் ஒரு கறுப்பு ஆடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"சிவப்புக்கு ஆடு இல்ல" என்றார் மீரான். "மருந்து, விக்கல், ஆடு. மூணு மாறியிருக்கு. இதுல எதால குண்டு ஒண்ணுகூடுச்சுன்னு எப்படிவே சொல்லுவீரு?"

சவரிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. "என் துப்பாக்கி ஒரு ஆட்ட நம்பியா இருக்கு?"

"சோதிச்சாத்தான் தெரியும்" என்றார் தலைவர்.

முதலில் சிவப்பு மருந்து, விக்கல் இல்லாமல், ஆட்டோடு. உலகநாதன் தலைவருக்குத் தண்ணீர் நீட்டினார். மீரான் தடுத்தார். "காலையில இருந்து அவரு தண்ணி குடிக்கல. தண்ணி குடிச்ச தலைவர் வேற ஆளு."

விக்கல் தானாக நிற்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஆடு படுத்துவிட்டது. தலைவரும் உலகநாதனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். கையை எடுத்தால் மறுபடி படுத்தது. மூன்றாம் தடவை தூக்கும்போது ஆட்டுக்காரி மாடத்தி வந்துவிட்டாள்.

"ஏ, என் ஆட்ட என்ன பண்ணுதீய?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நிக்க வைக்கோம்" என்றார் தலைவர்.

"நாலு காலு இருக்குல்லா. அதுக்கு நிக்கத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நிக்க வேண்டிய நேரத்துல படுத்துட்டு."

"அவரு கையில என்னது, துப்பாக்கியா?"

"ஆட்டுக்கு இல்லம்மா. ஆடு பக்கத்துல நின்னா குண்டு நேராப் போகுதான்னு பாக்கோம்."

மாடத்தி நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "உங்க வீட்டுல பொம்பளையாளு இருக்காளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கூடினார்கள். எல்லோரும் முதல் நாள் சட்டையைத் துவைக்காமல் போட்டிருந்தார்கள். மீரான் பொத்தானைத் தைத்திருந்தார். ஒரு கட்டு அகத்திக்கீரைக்கு ஆடும் வந்திருந்தது. சவரிமுத்துவைப் பார்த்ததும் மீரான் நின்றுவிட்டார்.

"சவரம் பண்ணிட்டீரா?"

"ஆமா. ஏன்?"

"நேத்து ஒரு நாள் தாடி இருந்துது. துப்பாக்கிக் கட்டை கன்னத்துலதான படுது?"

"அப்ப நாளைக்கு வரட்டுமா? தாடி அதே அளவுக்கு வந்துரும்."

"நாளைக்கு ஒம்ம தாடி சரியா இருக்கும். எங்க மூணு பேருக்கும் ஒரு நாள் கூடிரும்."

இதைப் பற்றி மாலை வரை பேசினார்கள். தாடி தானாக மாறுவதால் அதை மாறாமல் வைக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னதை மீரான் இருமுறை எழுதினார். வியாழக்கிழமை தாடிகள் ஒத்துவந்தன, மேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மேகம் இல்லை, விக்கலும் இல்லை. விக்கல் தேவைப்படும்போது வரவழைக்கலாமா என்று தலைவர் அவலை வறட்டு வறட்டென்று மென்று பார்த்தார். இருமல்தான் வந்தது.

சனிக்கிழமை எல்லாம் கூடிவந்தது. ஆடுகூட நின்றது. சவரிமுத்து மூச்சை அடக்கிச் சிவப்புத் தோட்டா ஒன்றைச் சுட்டார். அடுத்ததைப் போடும்போது மீரான் கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்!"

"இப்ப என்ன வே?"

"நீரு சுடும்போது அட்டையில ஓட்டை இல்ல. இப்ப ஒண்ணு இருக்கு. அட்டை மாறிட்டு."

இவ்வளவு காலமும் இதைக் கவனிக்காமல் சுட்டுவந்ததை நினைத்து உலகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நியாயமான பேச்சு" என்றார் தலைவர்.

குண்டுக்கு ஓர் அட்டை என்று முடிவாயிற்று. சிவப்புக்கு ஐந்து அட்டை, பச்சைக்கு ஐந்து. சுட்டு முடித்ததும் பத்தையும் தரையில் பரப்பினார்கள். சிவப்பு அட்டைகளில் ஒன்றில் ஓட்டை மேல் மூலையில் இருந்தது, இன்னொன்றில் கீழ் ஓரத்தில். மீரான் பொத்தானை அட்டை அட்டையாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இருந்த ஓட்டை முழுசாக மறைந்தது.

"பத்தும் பொத்தானுக்குள்ள" என்றார்.

"அப்ப சிவப்பும் பச்சையும் ஒண்ணுதானா?" என்றார் சவரிமுத்து.

"ஒண்ணேதான்."

"ஒண்ணுன்னா எதுக்கு மாத்தணும்? மொதல்ல இருந்த சிவப்பையே கொண்டுபோவோம்" என்றார் தலைவர். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து சிவப்புத் தோட்டாவோடு படுத்தார். முதல் குண்டு எப்படியோ நட்டநடுவே விழுந்தது. பத்து. அவர் கையைத் தூக்கி வேறு அட்டை கேட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு அட்டைதான் சார். அஞ்சு குண்டும் அதுலயே. நேரம் ஓடுது" என்றார் அதிகாரி.

சவரிமுத்து கயிற்றுக்குப் பின்னால் நின்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு தலைவர் கயிற்றின் மேலாகக் குனிந்து, "மாறுனது மாறிட்டு. இனிமே அட்டை மாறக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சவரிமுத்து துப்பாக்கியின் மூக்கைத் தூக்கி, அட்டைக்கு மேலே மண்மேட்டைப் பார்த்து நிதானமாக நான்கு தடவை சுட்டார். தூசி எழுந்தது. எல்லோருடைய குண்டும் கடைசியில் மண்மேட்டுக்குத்தான் போகிறது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அட்டை அதிகாரியின் மேஜைக்கு வந்தது. அவர் புரட்டிப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

"அஞ்சு சத்தம் கேட்டுதா?"

"கேட்டுது சார்."

"ஓட்டை?"

"ஒண்ணு."

மூவரில் வயதானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஓட்டையில அஞ்சு. இத்தன வருஷத்துல நான் பாத்ததில்ல." சந்தேகம் இருந்தால் சுட்டவருக்கே சாதகம் என்று விதியில் இருந்தது. ஆனாலும் அவர்களுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஐம்பதுக்கு ஐம்பது போட்டார்கள். கிளப் தப்பியது. சவரிமுத்து துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆறு வருடமாக முதல் பரிசு வாங்கிவரும் நகரத்துக்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் வந்து குந்தினார். "அண்ணாச்சி, எப்படி அடிச்சீங்க?"

சவரிமுத்துவுக்கு ஒளிக்கத் தெரியாது. "மொத குண்டு மட்டுந்தான் அட்டைக்குங்க. மிச்சம் நாலும் மண்ணுக்கு."

நகரத்துக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன ஒரு அடக்கம்!" என்று அவர் முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த சுற்றில் நகரத்துக்காரர் படுத்தார். முதல் குண்டு பத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். பிறகு துப்பாக்கியின் மூக்கை இரண்டு விரற்கடை மேலே தூக்கினார்.